கோயில் நெலத்துல வயசானவங்களுக்கு வாடகை வீடு: நெலம் இருந்தா மட்டும் போதுமா?

பாண்டியிலயும் கடலூர்லயும் பழைய மிஷன் காம்பவுண்ட் எதுக்குள்ள போனாலும் ஏறக்குறைய ஒரே அமைப்புதான். முன்னாடி கோயில், அதாவது சர்ச், பக்கத்துல சாமியார், அதாவது ஃபாதர், இருக்குற பங்களா, பின்னாடி பிள்ளைங்க கொறஞ்சுபோன ஹாஸ்டல் இல்லன்னா பூட்டிக் கெடக்குற பழைய ஸ்கூல் கட்டடம், அதுக்கும் பின்னால ஓடு சரிஞ்ச லைன் வீடு நாலஞ்சு, மிச்சம் புதர். அதே கோயில்ல ஞாயித்துக்கிழமை முதல் பூசைக்கு வர்றவங்களப் பாருங்க, முன் பெஞ்சு முழுக்க தல நரைச்சவங்கதான், அதுல நெறைய பேர் வீட்ல தனியா இருக்காங்க, புள்ளைங்க பாரீஸ்லயோ துபாய்லயோ சென்னையிலயோ இருக்கும், மாடிப்படி ஏற முடியாம கீழ்ப்போர்ஷன் வாடகைக்கு அலைவாங்க, அலைஞ்சாலும் "தனியா இருக்குற வயசானவங்களுக்கு வீடு தர்றதில்லங்க"ன்னு ஹவுஸ் ஓனர் சொல்லிடுவாரு. ஒரு பக்கம் சும்மா கெடக்குற நெலம், இன்னொரு பக்கம் வீடு கெடைக்காத பெரியவங்க. ரெண்டையும் சேத்துடலாமேன்னு தோணும். சேக்கலாம், சேக்கணும்னுதான் நானும் சொல்றேன். ஆனா நெலத்த கைவிடாம, மாசாமாசம் ஓடுற செலவுக்கு வழி பாத்துட்டு, அதுக்கப்புறம்தான் கடக்கால் தோண்டணும். ஏன்னு கொஞ்சம் விரிவா சொல்றேன்.

முதல்ல வெளிநாட்ல என்ன நடக்குதுன்னு பாத்துடலாம், ஏன்னா இந்த யோசனைய பேசுறவங்க எல்லாரும் அங்க இருந்துதான் உதாரணம் எடுக்குறாங்க. அமெரிக்காவுல வர்ஜீனியா மாநிலம் ஆர்லிங்டன்ல ஒரு பிரஸ்பிட்டேரியன் சபை, ஆள் கொறஞ்சு போச்சு, கட்டடம் பெருசு, பராமரிக்க முடியல. அவங்க நெலத்த லாபநோக்கில்லாத ஒரு வீட்டுவசதி அமைப்புக்கு வித்து, கோயிலையே இடிச்சு, அந்த எடத்துல கில்லியம் பிளேஸ்னு 173 வீடு வந்துச்சு, 2019-ல தொறந்தாங்க, எல்லாமே கொறஞ்ச வருமானக்காரங்களுக்கு. சபை இப்ப அதே கட்டடத்துல கீழ்த்தளத்துல வாடகைக்கு எடம் எடுத்து ஆராதனை நடத்துது. அதே ஊர்ல கிளாரண்டன்ங்குற எடத்துல ஒரு பாப்டிஸ்ட் சபை வேற மாதிரி பண்ணுச்சு, கோபுரத்த அப்படியே வச்சுக்கிட்டு, கோயிலுக்கு மேல மாடி மாடியா 116 வீடு, அதுல 70 கொறஞ்ச வாடகை, மீதி மார்க்கெட் வாடகை. கலிபோர்னியாவுல இதுக்குன்னே 2023-ல ஒரு சட்டம் போட்டாங்க, 2024 ஜனவரியில இருந்து அமல், வழிபாட்டுத் தலங்களோட நெலத்துல கொறஞ்ச வாடகை வீடு கட்டணும்னா ஊர் கவுன்சில்ல வருஷக்கணக்கா இழுத்தடிக்காம நேரடியா அனுமதி கெடைக்கிற மாதிரி.

இதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா அங்க கோயில் காலியாகுது, அதனால இடிக்கிறாங்க. நம்ம ஊர்ல கோயில் காலியாகல, பாண்டி இருதய ஆண்டவர் பசிலிக்காவுல முதல் வெள்ளி அன்னைக்கு நிக்க எடம் கெடைக்காது. அதனால இங்க பேச்சு கோயில இடிக்கிறதப் பத்தி இல்ல, பின்னாடி கெடக்குற ஹாஸ்டல், பழைய பள்ளிக்கூடம், லைன் வீடு இதுங்களப் பத்திதான். அத தெளிவா சொல்லாம "கோயில் நெலத்துல பில்டிங் வருது"ன்னு மொட்டையா அறிவிச்சா ஊரே கொதிச்சுப் போயிடும், கொதிக்கிறதுல தப்பும் இல்ல.

அடுத்தது, பணம். அமெரிக்காவுல 1959-லயே செக்‌ஷன் 202-ன்னு ஒரு திட்டம் வந்துச்சு, வயசானவங்களுக்கு வீடு கட்ட லாபநோக்கில்லாத அமைப்புகளுக்கு அரசே பணம் குடுக்குற திட்டம், சபைகள் நெறைய அதுல பங்கெடுத்திருக்கு. இப்பத்தி முறைப்படி கட்டுற காசுல பெரும்பங்கு அரசு தருது, திருப்பிக் கட்ட வேண்டாம், 40 வருஷம் ஏழை முதியவங்களுக்கே விடணும்னு மட்டும் நிபந்தனை. குடியிருக்குறவங்க தன் வருமானத்துல ஏறக்குறைய 30 சதவீதம் வாடகை குடுத்தா போதும், பாக்கிய அரசு ஈடு கட்டுது. அதாவது அங்க கோயில் குடுக்குறது நெலமும் மனசும், காசு வேற எடத்துல இருந்து வருது. நம்ம ஊர்ல அந்த மாதிரி கையக் குடுக்குற அரசுத் திட்டம் வாடகை வீட்டுக்கு இல்ல. இங்க இருக்கறது முதியோர் இல்லத்துக்கான உதவி. ஒன்றிய அரசோட அடல் வயோ அப்யுதய் யோஜனாவுல ஆதரவில்லாத முதியோருக்கு இல்லம் நடத்துற அமைப்புக்கு மானியம் உண்டு. 2007-ல வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 19-ஆம் பிரிவுல, மாவட்டத்துக்கு ஒரு இல்லமாவது வேணும், அதுல ஏழை முதியோர் 150 பேராவது தங்க எடம் இருக்கணும்னு மாநில அரசுக்குச் சொல்லியிருக்கு.

இல்லம் வேற, வீடு வேற. இந்த எடத்துலதான் நெறைய பேர் கொழம்பிடுறாங்க. இல்லம்னா ஹால்ல கட்டில் வரிசை, மணி அடிச்சா சாப்பாடு, கதவுக்குத் தாழ்ப்பா கெடையாது, பாத்துக்க ஆள் இல்லாதவங்களுக்கு அது உயிர் காக்குற எடம், பல கன்னியாஸ்திரிகள் தங்களோட வாழ்க்கையையே அதுக்குக் குடுத்திருக்காங்க. 1839-ல பிரான்ஸ்ல ஜான் ஜூகன்னு ஒரு அம்மா கண்ணு தெரியாத ஒரு கெழவிய தன் கட்டில்ல படுக்க வச்சு, அங்க இருந்து தொடங்குனதுதான் ஏழைகளின் சிறு சகோதரிகள் சபை, 1882-லயே கல்கத்தாவுக்கு வந்துட்டாங்க. அந்தப் பாரம்பரியம் பெருசு. ஆனா தன் சமையல தானே செய்யக்கூடிய, காலைல நடந்து பூசைக்குப் போகக்கூடிய, பேரன் வந்தா ஒரு ராத்திரி கூட தங்க வைக்கணும்னு ஆசப்படுற 68 வயசு ஆயாவுக்கு வேண்டியது இல்லம் கெடையாது. சின்னதா ஒரு வீடு, சொந்தச் சாவி, கையில இருக்குற பென்ஷனுக்குள்ள அடங்குற வாடகை, பக்கத்துல கூப்புட்டா வர்றதுக்கு ஒரு ஆள். அவ்வளவுதான்.

இந்த நடுவுல மாட்டிக்கிட்டவங்க யாருன்னு நம்ம ஊர வச்சே பாக்கலாம். பாண்டியில ஏஎஃப்டி, சுதேசி, பாரதின்னு மூணு பஞ்சாலை, ஒரு காலத்துல ஊரே அந்தச் சங்கு சத்தத்துல எழுந்திரிச்சது. ஏஎஃப்டி 2011 தானே புயல்ல அடி வாங்குச்சு, 2020-ல மூடியே போச்சு. அதுல வேல பாத்தவங்கள்ல எத்தனையோ பேர் இப்ப அறுபது தாண்டினவங்க, பிஎஃப் பென்ஷன்ல கொறஞ்சபட்சமே 2014-ல நிர்ணயிச்ச 1,000 ரூபாதான். கடலூர் பக்கம் தமிழ்நாட்டு முதியோர் ஓய்வூதியம் 2023-ல இருந்து 1,200 ரூபா, அதுல ஒன்றிய அரசோட பங்கு 60-லிருந்து 79 வயசு வரைக்கும் வெறும் 200, எண்பது ஆனா 500. பாண்டியில பிரெஞ்சு பென்ஷன் வாங்குற குடும்பங்களும் இருக்கு, அவங்க கத வேற, அத பாத்துட்டு "பாண்டி பெருசுங்களுக்கு என்ன கொறச்சல்"னு வெளியூர்க்காரங்க பேசுறது எனக்குக் கஷ்டமா இருக்கும், ஏன்னா அதே தெருவுல அடுத்த வீட்ல மில்லுக்காரர் இருப்பாரு. அனாதைன்னு சொல்லி அரசு இல்லத்துக்குப் போற நெலமையில இவங்க இல்ல, கோயம்புத்தூர் பக்கம் விக்கிற சீனியர் லிவிங் ஃபிளாட் வாங்குற நெலமையிலயும் இல்ல.

எண்ணிக்கையும் ஏறிக்கிட்டே போகுது. 2011 சென்சஸ்ல தமிழ்நாட்ல 60 தாண்டினவங்க 10.4 சதவீதம். 2031-ல அது 18 சதவீதம் தாண்டும்னு ஒன்றிய அரசோட கணிப்பு, பெரிய மாநிலங்கள்ல கேரளாவுக்கு அடுத்தபடி நாமதான்.

இப்ப கணக்குக்கு வருவோம், இதுதான் முக்கியம். "நெலம் சும்மா கெடக்குது, வீடு கட்டி கொறஞ்ச வாடகைக்கு விடுங்க சாமி"ன்னு பங்குப் பேரவையில, அதாவது ஒரு கோயிலுக்குட்பட்ட மக்களோட குழுவுல, யாராவது எழுந்து சொல்றது சுலபம். ஒரு உதாரணம் போட்டுப் பாருங்க. 300 சதுர அடியில ஒரு ரூம், சின்ன கிச்சன், பாத்ரூம், இது மாதிரி 24 வீடு. அது 7,200 சதுர அடி. தாழ்வாரம், லிஃப்ட், பொதுவா ஒரு சாப்பாட்டு ஹால், நர்ஸ் ரூம் எல்லாம் சேத்தா 10,000 சதுர அடி ஆயிடும். சதுர அடிக்கு 2,500 ரூபான்னு வச்சுக்கிட்டாலே 2.5 கோடி. வீட்டுக்கு 10 லட்சத்து 40 ஆயிரம் சொச்சம். இத பேங்க்ல 10 சதவீத வட்டிக்கு 15 வருஷக் கடனா எடுத்தா, ஒரு வீட்டுக்கு மாசத் தவணை மட்டும் 11,000 ரூபாவத் தாண்டுது. கவனிங்க, இதுல நெலத்துக்கு ஒத்தப் பைசா சேக்கல. நெலம் இலவசம், அப்படியிருந்தும் 11,000. வாட்ச்மேன் சம்பளம், கரண்ட், தண்ணி மோட்டார் ரிப்பேர், லிஃப்ட் சர்வீஸ் எதுவும் இன்னும் வரல. மில்லுக்காரர் எங்க போவாரு?

ஆக வாடகைய கொறைக்கிறது நெலம் இல்ல, கட்டுற காசு எங்க இருந்து வருதுங்குறதுதான். பாதிய நன்கொடையா திரட்டிட்டா தவணை 5,600 ரூபாவுக்கு எறங்கும். முழுசா திரட்டிட்டா தவணையே இல்ல, நடத்துற செலவுக்கு மட்டும் வாங்குனா போதும். நடுவுல ஒரு வழி, கீழ்த்தளத்துல ரோட்டப் பாத்த பக்கம் மெடிக்கல் ஷாப், மளிகைக் கடை, பேங்க் கிளைன்னு வாடகைக்கு விட்டு அந்தக் காச மேல் மாடிக்குத் திருப்பி விடுறது. மிஷன் வீதி மாதிரி எடத்துல இது நல்லாவே கை குடுக்கும், உள்ளடங்குன கிராமத்துப் பங்குல ஒண்ணும் தேறாது. இன்னொரு வழி டெபாசிட், ஆளுக்கு 3 லட்சம் வாங்கி, போகும்போது திருப்பித் தர்றதுன்னு. 24 வீட்டுக்கு 72 லட்சம் கையில வரும், கட்டடத்துல போட்டுடலாம்னு தோணும். அங்கதான் ஆபத்து. டெபாசிட் பணம் கோயில் பணம் கெடையாது, அது அந்தப் பெரியவரோட கடைசிப் பணம். அவர் செத்துட்டா மூணு மாசத்துல வாரிசு வந்து நிப்பாங்க, அப்ப புதுசா வந்தவர்கிட்ட வாங்கித்தான் அவங்களுக்குக் குடுக்கணும்னா அந்த அமைப்பு ரொம்ப நாள் நிக்காது. டெபாசிட் வாங்குனா அதுல ஒரு பகுதியாவது பேங்க்ல தனிக் கணக்குல தொடாம கெடக்கணும்.

வரி விஷயத்துல கொஞ்சம் நிம்மதி உண்டு. குடியிருக்க விடுற வீட்டு வாடகைக்கு ஜிஎஸ்டி இல்ல. முதியோர் இல்லமா நடத்துனாலும் தர்ம அமைப்பா பதிவு இருந்து, 60 தாண்டினவங்ககிட்ட மாசம் 25,000 வரைக்கும் வாங்குனா அதுக்கும் இல்ல. கடை வாடகைக்குத்தான் ஜிஎஸ்டி வரலாம்.

நன்கொடைன்னு வந்தா நம்ம ஏரியாவுக்கு ரெண்டு வாய்ப்பு இருக்கு. கம்பெனி சட்டம் 2013 ஏழாவது அட்டவணையில, சிஎஸ்ஆர் பணத்த, அதாவது கம்பெனிங்க சமூகப் பணிக்குன்னு ஒதுக்குற பணத்த, செலவு பண்ணலாம்னு போட்டிருக்கற பட்டியல்ல முதியோர் இல்லம், மூத்த குடிமக்களுக்கான வசதிகள் அப்படின்னு நேரடியாவே இருக்கு. நெய்வேலி என்எல்சி இருக்குற மாவட்டம் கடலூர், சிப்காட் கம்பெனிங்களும் இருக்கு. மொறையா திட்ட அறிக்கை, நெலத்துப் பத்திரம், அஞ்சு வருஷ நடத்துற கணக்கு எல்லாம் எடுத்துட்டுப் போய்க் கேக்கலாம், எல்லா மதத்தவருக்கும்னு எழுத்துல இருந்தா கேக்குற உரிமையும் கூடும். ரெண்டாவது, வெளிநாட்ல இருக்குற நம்ம ஆளுங்க. இதுல பாண்டிக்காரங்க ஒண்ணு நல்லா தெரிஞ்சுக்கணும். துபாய்ல இந்தியப் பாஸ்போர்ட்டோட வேல பாக்குற தம்பி தன் சம்பாத்தியத்துல குடுத்தா அது சாதாரண நன்கொடை. பாரீஸ்ல பிரெஞ்சு நேஷனாலிட்டி இருக்குற சித்தப்பா குடுத்தா, அவர் பொறந்தது முத்தியால்பேட்டையாவே இருந்தாலும், சட்டப்படி அது வெளிநாட்டு நன்கொடை. எஃப்சிஆர்ஏங்குற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துல பதிவு இருக்குற அமைப்புதான் அத வாங்கலாம், அதுவும் 2020 திருத்தத்துக்கப்புறம் டெல்லி மெயின் பிராஞ்ச் ஸ்டேட் பேங்க் கணக்கு வழியாத்தான். லீவுக்கு வந்தவர் திருவிழா அன்னைக்கு கவர்ல வச்சு சாமியார் கையில குடுத்துட்டுப் போறது இந்த மாதிரி திட்டத்துக்கு ஆகாது, நல்ல மனசோட குடுத்த பணம் நாளைக்கு அமைப்போட பதிவுக்கே வேட்டு வச்சுடும்.

கட்டுறதுக்கு யாரக் கேக்கணும்? இதுல சபைக்குச் சபை வித்தியாசம். இந்தப் பக்கத்துக் கத்தோலிக்கக் கோயிலுங்க, பேராயர் தலைமையில இருக்குற புதுச்சேரி கடலூர் உயர்மறைமாவட்டத்துக்குள்ள வருது. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டப்படி பங்குச் சாமியார் தனியா கையெழுத்துப் போட்டு நெலத்த விக்கவோ பெரிய குத்தகைக்கு விடவோ முடியாது. 1983 சட்டத்தொகுப்புல 1291-லிருந்து 1298 வரைக்கும் உள்ள சட்டங்க இதத்தான் பேசுது, ஒரு அளவுக்கு மேல போனா பேராயர் நிதிக்குழுவோட சம்மதமும் ஆலோசகர் குழுவோட சம்மதமும் வாங்கணும், இன்னும் மேல போனா ரோம் அனுமதி. விக்கிறதுக்கு மட்டும்னு நெனைக்காதீங்க, சொத்தோட நெலமைய மோசமாக்கக்கூடிய எந்த ஒப்பந்தத்துக்கும் இது பொருந்தும்னு 1295 சொல்லுது, நெலத்த அடமானம் வச்சு கடன் வாங்குறதும் அதுல வந்துடும். திருச்சபைச் சொத்து எதுக்குன்னு 1254-ஆவது சட்டத்துல இருக்கு: வழிபாடு, குருக்களோட பராமரிப்பு, அப்புறம் அறப்பணி, அதுவும் குறிப்பா ஏழைகளுக்கு. வயசானவங்களுக்கு வீடுங்குறது இதுக்குள்ள அழகா அடங்குது. ஆனா 1300-ஆவது சட்டம் ஒண்ணு இருக்கு, தானம் குடுத்தவங்க எந்த நோக்கத்துக்குக் குடுத்தாங்களோ அத அப்படியே காப்பாத்தணும்னு. நூறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு குடும்பம் பொண்ணுங்க ஸ்கூலுக்குன்னு எழுதிக் குடுத்த நெலத்துல இன்னைக்கு வேற கட்டணும்னா மூலப்பத்திரத்த எடுத்துப் படிச்சுட்டுத்தான் பேசணும்.

கடலூர்ல ஆற்காடு லூத்தரன் திருச்சபையோட தலைமையிடம் இருக்கு, டேனிஷ் மிஷன் காலத்துச் சொத்து. சிஎஸ்ஐ, அதாவது தென்னிந்தியத் திருச்சபைன்னா 1947-ல சபை தொடங்குனப்பவே சொத்துக்குன்னு தனி டிரஸ்ட் கம்பெனி பதிவு பண்ணிட்டாங்க, நெலம் அந்த டிரஸ்ட் பேருல, ஊர்ச்சபைக்கு அனுபவிக்கிற உரிமதான். எந்தச் சபையா இருந்தாலும் பட்டா யார் பேருல, பழைய மிஷன் பேருலயே தொங்குதா, லைன் வீட்ல முப்பது வருஷமா இருக்குறவங்களோட நெலமை என்ன, வில்லங்கச் சான்றுல ஏதாவது கேஸ் ஏறியிருக்கான்னு பாக்காம ஆர்க்கிடெக்ட கூப்பிடுறது வீண்செலவு. லைன் வீட்டுக்காரங்க பெரும்பாலும் கோயிலுக்கு உழைச்ச குடும்பங்கதான், உபதேசியார், சமையக்காரம்மா, கோயில் பிள்ளை. அவங்கள வெளிய அனுப்பிட்டு வயசானவங்களுக்கு வீடு கட்டுறதுல என்ன புண்ணியம் இருக்கு? புதுக் கட்டடத்துல முதல் சாவி அவங்களுக்குத்தான் போகணும்.

பில்டரோட கூட்டு போடுற யோசனை எப்படியும் வரும். "ஃபாதர், உங்க கையில இருந்து ஒரு ரூபா வேண்டாம், நாங்க கட்டுறோம், பாதி உங்களுக்கு பாதி எங்களுக்கு". கேக்க இனிப்பா இருக்கும். ஆனா அந்தப் பாதி ஃபிளாட்ட வித்ததோட நெலத்துல பிரிக்கப்படாத பங்கும் பத்திரப்பதிவாகி வெளியாள் கைக்குப் போயிடும், அதுக்கப்புறம் எத்தனை தலைமுறை ஆனாலும் திரும்பாது, நாளைக்குக் கட்டடம் பழசாகி இடிச்சுக் கட்டணும்னாலும் அத்தனை பேர் கையெழுத்தும் வேணும். குத்தகைன்னா நெலம் நம்மளோடதே. 30 வருஷம்னு எழுதி, ரெஜிஸ்டர் பண்ணி, முடிஞ்சதும் கட்டடத்தோட திரும்பி வரணும்னு நிபந்தனை போட்டா பில்டருக்கு லாபம் கொறையும், பேச்சுவார்த்தை இழுக்கும், இழுக்கட்டும். ஒரு வருஷத்துக்கு மேல குத்தகைன்னாலே பதிவு பண்ணியாகணும், வெறும் பத்திரத்தாள்ல எழுதிக்கிட்டது நிக்காது.

நெலத்த விக்காம 500 வருஷம் வச்சுக் காப்பாத்துன ஒரு எடம் ஜெர்மனியில இருக்கு. ஆக்ஸ்பர்க் நகரத்துல ஃபுக்கெரைன்னு சொல்றாங்க. யாக்கோப் ஃபுக்கர்னு ஒரு வியாபாரி 1521-ல அறக்கட்டளை எழுதி ஏழைக் கத்தோலிக்கக் குடும்பங்களுக்குச் சின்னச் சின்ன வீடா கட்டி வச்சாரு. அன்னைக்கு வருஷ வாடகை அந்தக் காலத்துக் காசுல ஒரு ரைன் குல்டன், இன்னைக்கும் அதே மதிப்புல 88 யூரோ சென்ட், அதோட தினம் மூணு ஜெபம். நம்ம காசுக்கு நூறு ரூபா பக்கம், வருஷத்துக்கு! ரெண்டாம் உலகப் போர்ல குண்டு விழுந்து இடிஞ்சதத் திருப்பிக் கட்டுனாங்க. இது எப்படி ஓடுதுன்னா, அறக்கட்டளைக்குன்னு காடு இருக்கு, மர வருமானம் வருது, சுத்திப் பாக்க வர்றவங்க டிக்கெட் வாங்குறாங்க. வாடகைய நம்பி ஓடல. வாடகைய தொடாம வச்சிருக்கறதுக்குப் பின்னால ஒரு நிரந்தர வருமானம் இருக்கு, அத எடுத்து வச்சதுதான் அந்த மனுஷன் பண்ணுன பெரிய காரியம்னு நான் நெனைக்கிறேன், வீடு கட்டுனது ரெண்டாவது.

கட்டடத்துக்கு வரலாம். பாண்டியோட பழைய நகரப் பகுதியான புல்வார்டு ஏரியான்னா பழைய கட்டடத்தோட முகப்ப இடிக்கக் கூடாது, இடிக்கவும் வேண்டாம், மெட்ராஸ் டெரஸ் கூரை, கனமான சுவர், உயரமான வராண்டா இதெல்லாம் வெயில்ல பெரியவங்களுக்கு ஏசிய விட நல்லது. பாண்டியில திட்டக் குழுமம், கடலூர்ப் பக்கம் டிடிசிபிங்குற நகர் ஊரமைப்புத் துறை, மாநகராட்சி இவங்ககிட்ட பிளான் அனுமதி, கடலோரம்னா கடல்நீர் ஏறுற கோட்டுல இருந்து 500 மீட்டருக்குள்ள கடலோர ஒழுங்குமுறை விதிகள் வேற. அதெல்லாம் இன்ஜினியர் பாத்துப்பாரு. நாம பாக்க வேண்டியது வேற. 2024 நவம்பர் கடைசியில பெஞ்சல் புயல் பாண்டி பக்கம் கரையேறுச்சு, ஊரே தண்ணியில மெதந்துச்சு, அது முடிஞ்ச கையோட சாத்தனூர் அணை தொறந்து தென்பெண்ணை பெருக்கெடுத்து கடலூர்ப் பக்கம் வீடுங்களுக்குள்ள வெள்ளம். கரண்ட் இல்லாம லிஃப்ட் நின்னா மூணாவது மாடியில இருக்குற 75 வயசுக்காரர் எப்படி எறங்குவாரு, இன்சுலின் எங்க வைப்பாங்க? அதனால வெள்ளம் வந்த மட்டத்தத் தாண்டி தளம் ஏத்தணும், ஜெனரேட்டர் தரைத்தளத்துல வைக்கக் கூடாது, ஸ்ட்ரெச்சர் போற அளவு லிஃப்ட், ஒரு அடி ஏற பன்னண்டு அடி நீளம் கணக்குல சாய்தளம், வீல்சேர் நுழையுற அகலத்துல பாத்ரூம் கதவு, வழுக்காத டைல்ஸ், சுவத்துல புடிச்சுக்க கம்பி. பெரியவங்க விழுறது பெரும்பாலும் பாத்ரூம்லதான், இடுப்பெலும்பு ஒடஞ்சா அதோட படுக்கைதான், ஒரு கம்பிக்கு ஆகுற செலவப் பாத்து தள்ளிப் போடுறது பெரிய கொடுமை. ஓய்வு இல்லங்களுக்குன்னு 2019-ல ஒன்றிய வீட்டுவசதி அமைச்சகம் மாதிரி வழிகாட்டி நெறிமுறைகள் வெளியிட்டிருக்கு, கட்டட அமைப்புல இருந்து ஒப்பந்தத்துல என்ன இருக்கணும்ங்குறது வரைக்கும் அதுல இருக்கு, கட்டடக் குழு அத ஒரு தடவ உக்காந்து படிக்கலாம்.

நம்ம மாவட்டத்துலயே பாத்துட்டு வர்றதுக்கும் ஒரு எடம் உண்டு. சுனாமிக்கப்புறம் ஹெல்ப்ஏஜ் இந்தியா கடலூர் பக்கம் தாமரைக்குளம் முதியோர் கிராமம்னு ஒண்ணு உருவாக்குச்சு, ஆதரவில்லாத பெரியவங்க சின்ன வீடுகள்ல சேந்து இருக்காங்க, தோட்டம், பொதுச் சமையல், தங்களுக்குள்ளயே குழுவா முடிவெடுக்குறது. அது வாடகை வீடு இல்லதான், ஆனா ஒரே பெரிய கட்டடத்துல அடைக்காம வாசல், திண்ணைன்னு இருந்தா பெரியவங்க எப்படி இருப்பாங்கன்னு அங்க போய் தெரிஞ்சுக்கலாம்.

கடைசியா, யாருக்கு வீடு? இதத்தான் யாரும் வாய்விட்டுப் பேச மாட்டேங்குறாங்க. 24 வீட்டுக்கு 200 பேர் மனு போட்டா சாமியாருக்கு வேண்டியவங்க, பேரவைத் தலைவரோட சொந்தக்காரங்க, பெரிய தெருக்காரங்கன்னு போயிடக் கூடாது. நம்ம சபைகளுக்கு இதுல பழைய காயம் இருக்கு. பாண்டி சம்பா கோயிலுக்குள்ள சாதி பிரிச்சு நிக்க வச்சு நடுவுல சுவர் கட்டியிருந்தாங்க, 1745-ல ஒதுக்கி வைக்கப்பட்டவங்களே போய் முறையிட்டு அது இடிஞ்சது. கடலூர் பக்கம் மேல்பட்டாம்பாக்கத்துல மிஷன் ஆரம்பிச்ச கார்ல் ஆக்ஸ் பாதிரியார், சாதி விஷயத்துல ஒத்துவராமதான் தன் பழைய மிஷன விட்டு வெளிய வந்தாரு. இன்னைக்கும் தமிழ்நாட்டுல பல எடத்துல கல்லறை தனித்தனி. பொதுச் சமையக்கட்டு, பக்கத்துப் பக்கத்துக் கதவுன்னு வரும்போது அந்தப் பழைய கணக்கு மெல்ல எட்டிப் பாக்கும், முன்கூட்டியே விதி எழுதி வைக்கலன்னா. வருமான வரம்பு, வயசு, தனியா இருக்காங்களா, ஒடம்பு நெலமைன்னு மதிப்பெண் போட்டு, பட்டியல கோயில் நோட்டீஸ் போர்டுல ஒட்டணும், தேர்வுக் குழுவுல பங்குக்கு வெளிய இருந்து ஒரு டாக்டரோ ஓய்வு பெற்ற தாசில்தாரோ இருக்கணும், கொஞ்ச வீடாவது மத்த மதத்துக்காரங்களுக்குன்னு இருக்கணும். காம்பவுண்ட் சுவத்துக்கு வெளிய இட்லி சுட்டு வித்தே வயசான அம்மா பூசைக்கு வர்றவங்க இல்லங்குறதுக்காக விட்டுட முடியாது.

ஒப்பந்தத்துலயும் ரெண்டு விஷயம் எழுத்துல வேணும். வாடகை வருஷத்துக்கு எவ்வளவுதான் ஏறலாம்னு ஒண்ணு. இன்னொண்ணு, படுத்த படுக்கையானா என்ன பண்றதுன்னு. சொந்தச் சாவியோட வந்த ஆள் நாலு வருஷம் கழிச்சு ஞாபகம் தப்பிப் போனா, அடுப்ப அணைக்க மறந்தா, யார் முடிவெடுக்கிறது? புள்ளைங்களுக்கு போன் போடுறது யாரு, அவங்க எடுக்கலன்னா? 70 தாண்டினவங்களுக்கு 2024 அக்டோபர்ல இருந்து வருமானம் பாக்காம ஆயுஷ்மான் பாரத்ல வருஷம் 5 லட்சம் வரைக்கும் ஆஸ்பத்திரிச் செலவு உண்டு, அந்தக் கார்டு வாங்கித் தர்றத நிர்வாகமே செய்யலாம். ஆனா ஆஸ்பத்திரியில இருந்து திரும்பி வந்தப்புறம் டயாபர் மாத்துறது, சோறு ஊட்டுறது எந்தக் கார்டுலயும் வராது. அதுக்கு மறைமாவட்டத்துல ஏற்கனவே இல்லம் நடத்துற கன்னியாஸ்திரிகளோட முதல் நாள்லயே ஒப்பந்தம் போட்டு, இங்க முடியாதப்ப அங்க ஒரு கட்டில்னு உறுதி வாங்கி வைக்கணும், வீட்டு வாடகை ரசீதுலயே அது அச்சாகியிருந்தா இன்னும் நல்லது.